ஒரு கிண்ணத்தில் நூறு ஆண்டுகள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுதலில், வேதியியல் துறைப் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணே, நீங்க ஸ்பெயின்ல வேலை பார்த்தவராச்சே, ஒரு இருபது நிமிஷம் பேசணும், தலைப்பு சொல்லுங்க" என்றார். "இனிப்பு ஷெர்ரி" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தத்தையே காணோம். பிறகு, "ஐஸ்கிரீம் மேல வைப்பாங்களே, அந்தப் பழம்தானே அண்ணே?" என்று கேட்டார். அது செர்ரி. நான் சொல்ல வந்தது ஷெர்ரி. அது ஒயின் வகையைச் சேர்ந்தது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் குடிக்கச் சொல்லிக் கொடுக்க வரவில்லை. நம் மாநிலத்தில் 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். இங்கே இருக்கும் மாணவர்களில் பாதிப் பேருக்கு மேல் அந்த வயதுக்குக் கீழேதான். மதுவில் 'பாதுகாப்பான அளவு' என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. குடியால் அழிந்த குடும்பங்களை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். ஆகவே, இதை ஒரு தயாரிப்பு முறையின் கதையாகக் கேளுங்கள். வேதியியல், கணக்கு, வரலாறு மூன்றும் இதில் இருக்கிறது. ஹெரேஸ் நகரத்தில் இரண்டு வருடம் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோது நான் பக்கத்திலிருந்து பார்த்த கதை இது.

ஊரும் பெயரும்

ஸ்பெயினின் தென்கோடியில் ஆண்டலூசியா. அதில் காடிஸ் மாகாணம். அங்கே ஹெரேஸ் தெ லா ஃப்ரொந்தேரா, எல் புவெர்த்தோ தெ சாந்தா மரியா, சான்லூகர் தெ பர்ரமேதா என்று மூன்று ஊர்கள். வரைபடத்தில் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். ஷெர்ரியின் சொந்த மண் அதுதான். 1519-ல் மெகல்லனின் கப்பல்கள் உலகைச் சுற்றக் கிளம்பியதே சான்லூகரிலிருந்துதான்.

அரபியர் ஆட்சிக் காலத்தில் ஹெரேஸுக்கு 'ஷெரிஷ்' என்று பெயர். அது ஆங்கிலேயர் வாயில் 'ஷெர்ரி' ஆயிற்று. 1587-ல் கடற்தளபதி டிரேக் காடிஸ் துறைமுகத்தைத் தாக்கி 2,900 பீப்பாய் ஷெர்ரியைத் தூக்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு லண்டனில் இதன் மவுசு ஏறிக்கொண்டே போனது. ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கு ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' இரண்டாம் பாகத்தில் வரும் ஃபால்ஸ்டாஃப் நினைவிருக்கும். அந்தத் தொந்திக்காரர் நீளமாகப் புகழ்ந்து தள்ளுகிறாரே ஒரு மது, அது இதேதான்.

அந்த மண்ணைப் பார்த்தால் கண் கூசும். சுண்ணாம்பு கலந்த வெள்ளை மண். 'அல்பரீசா' என்பார்கள். குளிர்கால மழையைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் மேற்பரப்பு ஓடு மாதிரி இறுகி, உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடாது. சொட்டு மழையில்லாத கோடையிலும் கொடி பச்சையாக நிற்பதற்கு அதுதான் காரணம்.

வெயிலில் பிறக்கும் இனிப்பு

'ஷெர்ரி என்றாலே இனிப்பு' என்று வெளியூரில் பலர் நினைக்கிறார்கள். ஹெரேஸ்காரர்கள் சிரிப்பார்கள். அங்கே சாப்பாட்டோடு பெரும்பாலும் குடிப்பது 'ஃபினோ' என்ற, துளி இனிப்பும் இல்லாத வெளிறிய ஒயின். அதற்குப் பலோமினோ திராட்சை. நொதித்து முடிந்ததும் சுமார் 15 சதவீத ஆல்கஹால் அளவுக்கு, திராட்சையிலிருந்தே வடித்த சாராயத்தைச் சேர்ப்பார்கள். பிறகு 600 லிட்டர் கொள்ளும் அமெரிக்க ஓக் மரப் பீப்பாயில், முழுக்க நிரப்பாமல் ஆறில் ஐந்து பங்கு மட்டும் ஊற்றுவார்கள். மேலே விட்ட காலி இடத்தில் காற்று இருக்கும். ஒயின் மேல் ஈஸ்ட் ஒரு வெள்ளை ஆடை போலப் படரும். நம்ம வீட்டுப் பாலாடை மாதிரியே இருக்கும்! அதற்கு 'ஃப்ளோர்' என்று பெயர். பூ என்று பொருள். அந்த ஆடை ஒயினைக் காற்றிலிருந்து காப்பாற்றும்.

அதே ஒயினில் 17 சதவீதத்துக்கு மேல் ஏற்றிவிட்டால் அந்த ஈஸ்ட் பிழைக்காது. ஆடை இல்லை, காற்று நேரே படும். நிறம் தேன், பிறகு மரக்கட்டை என்று கறுத்துக்கொண்டே போகும். அதுதான் 'ஒலோரோசோ'. மணம் மிக்கது என்று அர்த்தம். இதுவும் இயல்பில் இனிப்பில்லாததுதான்.

அப்படியானால் இனிப்பு எங்கிருந்து வருகிறது? வெயிலிலிருந்து. 'பெத்ரோ ஹிமேனெஸ்' என்று ஒரு வெள்ளைத் திராட்சை. பெயரைக் கேட்டால் யாரோ ஒரு ஆள் மாதிரி இருக்கும். ரைன் நதிக்கரையிலிருந்து பீட்டர் சீமென்ஸ் என்ற சிப்பாய் கொண்டுவந்த கொடி என்று பழைய கதை ஒன்று உண்டு. மரபணுச் சோதனை அந்தக் கதையை ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்பெயினின் பழைய வகை ஒன்றின் வாரிசு இது என்று காட்டிவிட்டது. இப்போது இந்தத் திராட்சையில் பெரும்பகுதி பக்கத்துக் கொர்தோபா மாகாணத்தில் மொந்தில்யா பகுதியில் விளைந்து, ஹெரேஸுக்கு வந்து முதிர்கிறது. விதிமுறையே அதை அனுமதிக்கிறது.

நன்றாகப் பழுத்த குலைகளைப் பறித்து, கோரை போன்ற எஸ்பார்த்தோ புல்லில் பின்னிய பாய்களில் பரப்பி வெயிலில் காயப் போடுவார்கள். நம் வீட்டு மாடியில் வடகமும் வற்றலும் காய்கிற மாதிரிதான். ஒன்றிரண்டு வாரம் ஆகும். கையால் திருப்பிப் போடணும். இரவுப் பனி படாமல் மூடணும். மழை வந்தால் தொலைந்தது. தண்ணீர் வற்றி, பழம் பாதி கிஸ்மிஸ் ஆகிவிடும். சாதாரண ஒயினுக்கான சாற்றில் லிட்டருக்கு 200 கிராம் அளவில் சர்க்கரை இருக்கும். இந்தக் காய்ந்த பழத்துச் சாற்றில் 400 கிராமுக்கு மேல்! சாதாரணச் செக்கில் பிழிந்தால் வராது. பழத்துக்கு நடுநடுவே பாய்களை அடுக்கி, பெரிய அழுத்தத்தில் பிழிகிறார்கள். வருவது சாறா, பாகா என்று சந்தேகம் வந்துவிடும்.

இந்தப் பாகில் ஈஸ்ட் திணறிப் போகிறது. ஜாம் ஏன் கெடுவதில்லை? அதே காரணம்தான். சவ்வூடு பரவல் அழுத்தம் என்று இதே கல்லூரி இரண்டாம் மாடியில் படித்தோமே, அது இங்கே வேலை செய்கிறது. கொஞ்சம் நொதித்ததும் சாராயத்தைச் சேர்த்து 15 முதல் 17 சதவீதத்தில் நிறுத்திவிடுவார்கள். மிச்சம் இருக்கும் சர்க்கரை முழுவதும் பழத்தினுடையது. இந்த ஒயினில் லிட்டருக்குக் குறைந்தது 212 கிராம் சர்க்கரை இருந்தாக வேண்டும் என்பது விதி.

இதே பெத்ரோ ஹிமேனெஸைக் கொஞ்சம் ஒலோரோசோவோடு கலந்தால் 'கிரீம்' என்ற வகை கிடைக்கும். அதில் பாலும் கிடையாது, ஆடையும் கிடையாது. பிரிஸ்டல் நகரத்தில் ஏற்கெனவே 'பிரிஸ்டல் மில்க்' என்று ஒரு இனிப்பு ஷெர்ரி விற்றார்கள். அதைவிடக் கெட்டியானதற்குக் 'கிரீம்' என்று பெயர் வைத்தார்கள், அவ்வளவுதான்.

தரையோடு ஒட்டிய பீப்பாய்

இனிப்பு ஆச்சு. வயது எப்படி வருகிறது? இங்கேதான் ஹெரேஸின் மூளை இருக்கிறது.

ஷெர்ரி முதிரும் கட்டடத்தைப் பொடேகா என்பார்கள். தேவாலயம் மாதிரி உயரமான கூரை, உச்சியில் சின்னச் சன்னல்கள், மண் தரை. கோடையில் தரைக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். உள்ளே கறுப்புச் சாயம் அடித்த பீப்பாய்கள் வரிசை வரிசையாக ஒன்றன் மேல் ஒன்று. அடி வரிசைக்கு 'சோலேரா' என்று பெயர். தரை என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. அதற்கு மேலே உள்ளவை 'கிரியாதேரா'. அதாவது வளர்ப்பகம், பிள்ளை வளரும் இடம்.

விற்பனைக்கு ஒயின் எடுப்பது அடி வரிசையிலிருந்து மட்டும்தான். அதிலும் முழுப் பீப்பாயை எடுப்பதில்லை. மரபுப்படி ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மிகப் பழையதென்றால் அதைவிட மிகக் குறைவாகவே எடுப்பார்கள். இதற்குச் 'சாக்கா' என்று பெயர். எடுத்த அளவுக்கு அடுத்த வரிசையிலிருந்து ஒயினை இறக்கி ஊற்றுவார்கள். இது 'ரோசியோ', பனித்துளி. அந்த வரிசையில் ஏற்பட்ட குறையை அதற்கு அடுத்த வரிசை நிரப்பும். கடைசி வரிசைக்குப் புது ஒயின் வரும். ஊற்றும்போதும் தடதடவென்று ஊற்ற மாட்டார்கள். துளையிட்ட குழாய் ஒன்றைப் பீப்பாய்க்குள் விட்டு, அடியில் இருப்பது கலங்காமல், பனி இறங்குகிற மாதிரி மெதுவாக விடுவார்கள். புதுசு பழசோடு கலக்கும்; பழசின் குணத்தைக் கற்றுக்கொள்ளும். 'இளையது முதியதிடம் படிக்கிறது' என்றுதான் அங்கே சொல்கிறார்கள்.

பொடேகாவின் மேஸ்திரியை 'கப்பத்தாஸ்' என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு கப்பத்தாஸிடம், "இந்தப் பீப்பாய் எப்போ காலியாகும்?" என்று கேட்டேன். "காலியானா அது சோலேரா இல்ல, வெறும் மரம்" என்றார்.

கணக்குத் துறை நண்பர்களுக்காக ஒன்று. ஒரு பீப்பாயில் 500 லிட்டர் ஒயின். ஒவ்வொரு ஆண்டும் கால் பங்கை எடுத்து, புதியதை ஊற்றிக் கலக்கிறீர்கள். பத்து ஆண்டு கழித்து முதல் ஒயினில் மிச்சம் இருப்பது சுமார் 5.6 சதவீதம். இருபது ஆண்டில் 0.3 சதவீதம். நூறு ஆண்டில்? சதவீதத்தில் சொன்னால் ஒன்றுமே இல்லை. ஆனால் அவகாட்ரோ எண்ணை வைத்துப் பெருக்கிப் பாருங்கள். ஆவியாவதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 50 மில்லி பிடிக்கும் ஒரு சின்னக் கிண்ணத்தில் முதல் ஆண்டு ஊற்றிய ஒயினின் மூலக்கூறுகள் சுமார் ஐம்பதாயிரம் கோடி இருக்கும்! நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருத்தர் குனிந்து நிமிர்ந்து காயப் போட்ட பழம், இன்றைக்கு உங்கள் நாக்கில்.

அதனால்தான் பெரும்பாலான ஷெர்ரிப் புட்டிகளில் விளைந்த ஆண்டு இருக்காது. 'சோலேரா 1847' என்று ஒரு புட்டி விற்கிறது. 1847-ல் பறித்த திராட்சை என்று யாரும் ஏமாற வேண்டாம். ஆண்டு அந்தச் சோலேராவின் தொடக்கத்தைக் குறிக்கிறது, அவ்வளவே.

பெத்ரோ ஹிமேனெஸ் இப்படி இருபது முப்பது ஆண்டு இருக்கும்போது, மரத்தின் நுண்துளை வழியாக ஆண்டுக்கு 3 முதல் 5 சதவீதம் வரை ஆவியாகிவிடும். 'தேவதைகளின் பங்கு' என்று அதற்கு அழகான பெயர். தண்ணீர் போகப் போக சர்க்கரை இறுகும். நிறம் காபி டிகாக்ஷனையும் தாண்டிக் கறுப்பாகிவிடும். கிண்ணத்தைச் சாய்த்தால் கண்ணாடியில் கறை பிடிக்கும்.

எப்படி ரசிப்பது?

அவசரப்பட்டால் இதில் ஒன்றும் கிடைக்காது. வாய் குறுகிய சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் கால்வாசி ஊற்றினால் போதும். ஐஸ் போல் குளிரக் கூடாது. 12 முதல் 14 டிகிரி சரியாக இருக்கும். முதலில் மூக்குக்கு வேலை. உலர்ந்த அத்தி, பேரீச்சை, காபி, அதிமதுரம், கொஞ்சம் கருப்பட்டிப் பாகு. ஒரு சொட்டை நாக்கில் வைத்தால், முதலில் இனிப்பு வரும். பிறகு மெல்லிய புளிப்பும் மரத்தின் துவர்ப்பும் வந்து அந்த இனிப்பைத் திகட்டாமல் பிடித்து நிறுத்தும். நல்ல சரக்கையும் மட்டமான சரக்கையும் பிரிப்பது அந்தக் கடைசித் துவர்ப்புதான். மட்டமானதில் சர்க்கரைப் பாகு மட்டும் தொண்டையில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு கிண்ணத்தை அரை மணி நேரம் வைத்துக்கொண்டு பேசலாம். இரண்டாவது கிண்ணம் கேட்கத் தோன்றாது. அதுதான் இதன் அழகு.

நீலப் பூஞ்சணப் பாலாடைக்கட்டி, கசப்புச் சாக்லேட் இரண்டும் இதற்கு நல்ல துணை. வெனிலா ஐஸ்கிரீம் மேல் ஒரு கரண்டி ஊற்றிச் சாப்பிடுவதும் உண்டு. நம் செயலர் கேட்டது ஒன்றும் தப்பில்லை! திறந்த ஃபினோ சில நாளில் சோர்ந்துவிடும். பெத்ரோ ஹிமேனெஸ் மாதக்கணக்கில் தாங்கும். ஏற்கெனவே காற்றில் பழகியது அல்லவா!

ஹெரேஸில் ஒரு புகழ்பெற்ற பொடேகாவில், கொன்சாலெஸ் பியாஸ் என்று பெயர், தரையில் ஒரு கிண்ணம் இனிப்பு ஷெர்ரியும் அதன் மேல் சாய்த்த ஒரு குட்டி ஏணியும் இருக்கும். எலிகளுக்காம்! அவையும் ஏறி வந்து ஒரு வாய் குடித்துவிட்டுப் போகட்டும் என்று.

எடுத்ததும் இழந்ததும்

இத்தனை பொறுமையாகச் செய்ததை ஒரு தலைமுறையில் கெடுக்கவும் முடிந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1970களில் ஷெர்ரிக்கு வெளிநாட்டில் பெரும் கிராக்கி. திராட்சைத் தோட்டங்கள் 20,000 ஹெக்டேருக்கு மேல் பரவின. விலையைக் குறைத்து அளவைக் கூட்டும் போட்டி தொடங்கியது. மலிவான இனிப்பு ஷெர்ரி கப்பல் கப்பலாகப் போயிற்று. ஹெரேஸின் பல பொடேகாக்களைக் கையில் வைத்திருந்த ருமாசா என்ற பெரும் தொழில் குழுமத்தை 1983 பிப்ரவரியில் ஸ்பெயின் அரசே எடுத்துக்கொண்டது. பிரிட்டனில் இளைஞர்கள் ஷெர்ரியைப் 'பாட்டிமார் குடிக்கிறது' என்று ஒதுக்கினார்கள். போதாததற்கு, 'பிரிட்டிஷ் ஷெர்ரி' என்ற பெயரில் ஹெரேஸுக்குச் சம்பந்தமே இல்லாத சரக்கும் விற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தப் பெயர் 1996-ல்தான் நின்றது. கொடிகளைப் பிடுங்கினார்கள். இன்றைக்குத் தோட்டங்கள் 7,000 ஹெக்டேரை ஒட்டித்தான் இருக்கின்றன. வேலை போனவர்கள், பொடேகாக் கட்டடங்கள் வேறு காரியத்துக்குப் போனது, எல்லாம் அந்த ஊர்த் தெருக்களில் நடந்தால் தெரியும்.

2000-ஆம் ஆண்டு அங்குள்ள ஒழுங்குமுறைக் குழு ஒரு முடிவு எடுத்தது. சராசரி இருபது ஆண்டு முதிர்ந்ததற்கு வி.ஓ.எஸ்., முப்பது ஆண்டு முதிர்ந்ததற்கு வி.ஓ.ஆர்.எஸ். என்று இரண்டு முத்திரைகள். சுவை வல்லுநர்கள் ருசி பார்ப்பார்கள். ஆய்வுக்கூடச் சோதனையும் உண்டு. என்னைக் கவர்ந்தது இன்னொரு நிபந்தனை: முப்பது ஆண்டு முத்திரையில் ஒரு லிட்டர் வெளியே போக வேண்டுமானால், அதே சோலேராவில் முப்பது லிட்டராவது இருப்பு இருக்க வேண்டும். இதில் ஒரு எளிய கணக்கு ஒளிந்திருக்கிறது. மொத்த இருப்பை, ஆண்டுக்கு எடுக்கும் அளவால் வகுத்தால் சராசரி வயது வரும். முப்பதில் ஒன்று எடுத்தால் முப்பது ஆண்டு. பத்தில் ஒன்று எடுத்தால் பத்து. அதாவது, ஒரு சோலேராவின் வயதைத் தீர்மானிப்பது அதைத் தொடங்கிய தாத்தா அல்ல. இன்றைக்குக் குழாயைத் திறக்கிறவனின் கை.

அன்பர்களே, இதை ஏன் இந்த மேடையில் சொல்கிறேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். நம் சங்கத்து உதவித்தொகை வைப்பு நிதியின் அசலிலிருந்து எடுத்துப் புது அரங்கம் கட்டலாமா என்று பிற்பகல் பொதுக்குழுவில் பேசப் போகிறோம். அரங்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்குத் தனியாகத் திரட்டுவோம், என் பங்கை நானும் தருகிறேன். அந்த நிதியில் கை வைக்க வேண்டாம். விலைவாசி என்ற தேவதை ஆண்டுதோறும் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. போன ஆண்டு அதிலிருந்து கட்டணம் கட்டிய பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கிறார்கள். நாளைக்கு அவர்கள்தான் மேல் வரிசைக்குப் புதிதாக ஊற்ற வேண்டியவர்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய பீப்பாயின் பெருமையை மட்டும் பேசிக்கொண்டு, புதியதை ஊற்றாமல் விட்டால் சோலேரா தானாகவே வற்றிப் போகும். எங்களுக்கு உங்கள் தேவை, உங்களுக்கு எங்கள் தேவையைவிடக் குறைந்ததல்ல. வேலை கிடைத்து முதல் சம்பளம் வந்ததும் சங்கத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். தொகை சிறிதாக இருந்தால் பரவாயில்லை; ரோசியோ எப்போதும் மெதுவாகத்தான் ஊற்றப்படும்.